முயல் முழங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

ஸ்டெம் செல் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். உண்மையில் பாதி நாள் பிளாஸ்க்கில் மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசல், மாற்றுவதிலேயே போய்விடும், அது வேறு கதை. நான் இருந்த குழுவின் திட்டம் இதுதான்: முயலின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடியவற்றை, எடுத்து வளர்த்து, முழங்கால் குருத்தெலும்பில் நாங்களே துளையிட்டு, அந்தத் துளையில் செல்களை வைத்து, அது ஆறுகிறதா என்று பார்ப்பது. வைத்த செல் வைத்த இடத்தில் இருக்கிறதா என்பதை முயலைக் கொல்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இரும்பு.

நானோ அளவு இரும்பு ஆக்ஸைடு துகள்களைச் செல் விழுங்கிவிட்டால், அது இருக்கும் இடம் எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரியும். துகள் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்துவிடுகிறது, அங்கே உள்ள நீரின் புரோட்டான்கள் ஒன்றோடொன்று தாளம் தப்பிப்போகின்றன, சிக்னல் விழுந்துவிடுகிறது. ஒரு செல்லுக்குப் பத்து இருபது பிக்கோகிராம் இரும்பு போனால் போதும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

துகளுக்கு எங்கே போவது என்பதுதான் இந்தத் துறையின் பழைய தலைவலி. ஃபெரிடெக்ஸ் என்று ஒன்று இருந்தது, ஐரோப்பாவில் எண்டோரெம் என்பார்கள். கல்லீரல் ஸ்கேனுக்காக அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்ற மருந்து. ஆராய்ச்சிக்காரர்கள் அதை வாங்கிச் செல்லுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், 2008-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். எத்தனை பேருடைய செய்முறை அன்றோடு அந்தரத்தில் நின்றிருக்கும்! அப்புறம் ஃபெருமாக்ஸிடால் வந்தது, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-ல் அனுமதியான இரும்பு ஊசி. இது தானாகச் செல்லுக்குள் அவ்வளவாகப் போகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், அதை முறிக்கும் புரோட்டமின் இரண்டையும் சேர்த்துக் கலந்தால் மூன்றும் ஒன்றாகத் திரண்டு உள்ளே போகும் என்று 2012-ல் ஒரு குழு காட்டியது. மூன்றுமே ஏற்கெனவே மனிதருக்குப் போடும் மருந்துகள் என்பதால் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது, நாங்களும் அந்த வழியில்தான் போனோம்.

செய்வது கடினமில்லை. சீரம் என்கிற ரத்தத் தெளிநீர் இல்லாத மீடியத்தில் கலவையை விட்டு, சில மணி நேரம் கழித்துச் சீரம் சேர்த்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்துவிடுவோம். காலையில் செல்களைப் பெயர்த்தெடுத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால், வழக்கமாக வெள்ளையாகத் தெரியும் அடிவண்டல் அன்றைக்குத் துருப்பிடித்த பழுப்பில் இருக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்பது போகப்போகத்தான் தெரிந்தது, ஏனென்றால் செல்லுக்கு வெளியே ஒட்டிக்கொண்ட இரும்பும் அதே பழுப்புதான். ஹெபாரின் கலந்த உப்புக் கரைசலில் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கழுவி, கொஞ்சத்தை ஸ்லைடில் போட்டு, இரும்பை நீலமாகக் காட்டும் பிரஷ்யன் ப்ளூ சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு உட்கருவைச் சுற்றி நீலப் பொடி தூவியதுபோல் இருந்தால் நல்லது. செல்லே இல்லாத இடத்தில் நீலக் கட்டிகள் கிடந்தால் மறுபடி கழுவு.

ஸ்கேன் எப்போதும் ராத்திரியில்தான். ஆஸ்பத்திரி மெஷின், நோயாளிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் முயலுக்கு நேரம். கீட்டமின், சைலசீன் போட்டுத் தூங்கவைத்து, துணியில் நன்றாகச் சுற்றி எடுத்துப்போவோம். ஒரு முடி கிடந்தாலும் காலையில் டெக்னீஷியன் அண்ணன் போன் போட்டுவிடுவார்.

முதல் படங்களில் ஓட்டை இருந்த இடத்தில் அழகான கறுப்புப் புள்ளி. எல்லோருக்கும் குஷி. எங்கள் பிஎச்டி மாணவி திரையில் விரலை வைத்து, "அக்கா, செல் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றாள். அடுத்து வந்தது கண்ட்ரோல் முயல். செல்லும் கிடையாது, இரும்பும் கிடையாது, வெறும் ஓட்டை மட்டும். அதிலும் கறுப்புப் புள்ளி!

ரேடியாலஜி சார் சிரித்தார். "டிரில் போட்டீங்கள்ல? அதோட உலோகத்தூள்மா" என்றார். கண்ணுக்கே தெரியாத தூள், ஆனால் காந்தத்துக்கு அது போதும், உண்மை அளவைவிடப் பெரிதாக ஊதிக் காட்டும். துளை போட்ட எலும்பில் கசிந்த ரத்தமும் நாளடைவில் கறுப்பாகத் தெரியும், அதுவும் இரும்புதானே. ஆக ஒரே முழங்காலில் மூன்று வகைக் கறுப்பு, மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் செத்த செல். செல் செத்தால் இரும்பு அதோடு போய்விடாது. மேக்ரோஃபேஜ்கள், அதாவது செத்த செல்களைத் தின்னும் உடலின் துப்புரவுச் செல்கள், வந்து விழுங்கி, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். 2007, 2008 வாக்கிலேயே எலி இதயத்தில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன: வைத்த செல்கள் போய்ச் சேர்ந்த பிறகும் சிக்னல் வாரக்கணக்கில் நின்றது. நேர்மாறாக, செல் உயிரோடு இருந்து பெருகினால் இரும்பு பங்குபோட்டுக் குறைந்து புள்ளி மங்கும். அதாவது நன்றாக வளரும் செல் மறைகிறது, செத்தது பளிச்சென்று தெரிகிறது. இதை வைத்து "ஆறு வாரத்திலும் செல்கள் உயிர்வாழ்கின்றன" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எங்களுக்கென்று ஒரு கூடுதல் கவலையும் இருந்தது. ஃபெரிடெக்ஸ் ஏற்றிய ஸ்டெம் செல்கள் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறுகின்றன, குருத்தெலும்பாக மாறுவதில் மட்டும் தடுமாறுகின்றன என்று 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாம் இரும்பின் அளவைப் பொறுத்தது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். சரி, ஆனால் நாங்கள் சரிசெய்ய வந்ததே குருத்தெலும்பைத்தான்.

அப்படியானால் இந்த வேலையே வீணா என்றால், இல்லை. நெதர்லாந்தின் நைமேகனில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்த எட்டுப் பேருக்கு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இரும்பு ஏற்றிய டென்ட்ரிடிக் செல்களை (நோய் எதிர்ப்பைத் தூண்டும் செல்கள், அதுதான் சிகிச்சை) நிணநீர் முடிச்சுக்குள் ஊசியில் செலுத்தினார்கள், 2005-ல் வெளியான ஆய்வு. ஸ்டெம் செல் இல்லைதான், முறை அதேதான். எம்ஆர்ஐயில் பார்த்தால் நான்கு பேருக்குச் செல்கள் முடிச்சுக்குள்ளேயே போகவில்லை, பக்கத்தில் போயிருந்தன. அனுபவமுள்ள கைகள், கண்முன்னே அல்ட்ராசவுண்ட், அப்படியும் பாதிப் பேருக்குத் தவறியிருக்கிறது. இரும்பு இல்லாவிட்டால் அந்த நான்கு பேரும் "சிகிச்சை பலிக்கவில்லை" கணக்கில் போயிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் இந்த முறையின் பலம் முதல் ஓரிரு நாளில்தான். செல் போய்ச் சேர்ந்ததா, ஓட்டையிலிருந்து வழிந்து மூட்டுக்குள் சிதறியதா என்பதை அறுவை முடிந்த கையோடு சொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க லூசிஃபெரேஸ் ஒளியோ (உயிருள்ள செல்லை மட்டும் ஒளிரவைக்கும் மின்மினி நொதி), கடைசியில் திசுவை வெட்டிப் பார்ப்பதோதான் வழி.

இப்போது செல்லுக்கு இப்படி இரும்பு ஏற்றி லேபிள் செய்யக் கற்றுக்கொள்ள யார் வந்தாலும், செல் வைக்கும் முன்பே வெறும் ஓட்டை போட்ட முயல் ஒன்று, இரும்பு ஏற்றிய பிறகு கொன்ற செல்லை வைத்த முயல் ஒன்று என்று இரண்டையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறேன். முயல் வீணாகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதனால் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் விண்ணப்பத்திலேயே அந்த இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.