பெர்க் ஸ்ட்ரிப்பா, ரிலிமேட்டா?

இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூவில் எங்கள் ரோபோ மூன்றடி ஓடி நின்றுவிட்டது. புரோகிராமில் பிழையில்லை. மோட்டார் அதிர்ந்த அதிர்ச்சியில் சென்சாரின் ஜம்பர் ஒயர் (பூட்டில்லாமல் வெறுமனே செருகும் ஒயர்) ஒன்று கழன்றிருந்தது. "இங்கே ஏன் இந்த ஒயர்?" என்றார் தேர்வாளர். கையில் அதுதான் இருந்தது என்பதே உண்மை. சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் நல்ல கனெக்டர் தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே பின் ஹெட்டர் (பின்களோ துளைகளோ வரிசையாக உள்ள பட்டை) என்பதைவிட ‘பெர்க் ஸ்ட்ரிப்’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். பின்களுக்கு இடையே 2.54 மி.மீ. போர்டின் மேல் போர்டு அடுக்க இதுவே போதும். பின் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் ஸ்ட்ரிப்பைக் கையால் ஒடிக்கலாம். பெண் ஸ்ட்ரிப்பில் ஒரு துளையைப் பலி கொடுத்தாக வேண்டும்: ஆறு துளை தேவையென்றால் ஏழாவதன் நடுவில் வெட்டுங்கள். இது தெரியாமல் இரண்டு ஸ்ட்ரிப்பை வீணாக்கினேன்.

ஆடுகிற ஒயருக்கு ரிலிமேட் என்ற கனெக்டர். பூட்டு இருப்பதால் அதிர்வில் கழலாது. முரட்டுத்தனமாக அழுத்தினாலொழிய தலைகீழாகவும் ஏறாது. ஆனால் அதன் உலோக முனையைக் குறடால் நசுக்கி ஒப்பேற்றாதீர்கள். முனையை ஒயரோடு சேர்த்து இறுக்கும் கிரிம்பிங் கருவியை இரவல் வாங்கியாவது செய்யுங்கள். முனையின் பின்பக்கக் காது ஒயரின் பிளாஸ்டிக் உறையையும் கவ்வ வேண்டும், இல்லாவிட்டால் செம்பு இழை முறிந்துவிடும்.

பார்வைக்கு ஏறக்குறைய ரிலிமேட்போலவே இருக்கும் ஜேஎஸ்டி எக்ஸ்எச் என்ற கனெக்டர் 2.5 மி.மீ. இடைவெளி கொண்டது. நான்கு பின்னில் வித்தியாசம் 0.12 மி.மீ.தான், போர்டின் 2.54 மி.மீ. துளைகளில் சமாளித்து இறங்கிவிடும். பத்துப் பின்னில் 0.36 ஆகி மல்லுக்கு நிற்கும். பேட்டரியில் வரும் இரண்டு பின் கனெக்டரிலோ எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகவே கூடாது. மின்சாரம் வரும் பக்கத்தில் எப்போதும் பெண் முனையை வையுங்கள். வெறும் பின் எதிலாவது உரசினால் ஷார்ட்தான்.

மூன்று பின் கனெக்டருக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாரின் வரிசையையே எடுத்துக்கொண்டேன்: சிக்னல், பாசிட்டிவ், கிரவுண்ட். பாசிட்டிவ் நடுவில் இருப்பதால் திருப்பிச் செருகினாலும் அது இடம் மாறாது.

இரண்டாம் ரிவ்யூவில் தேர்வாளர் ரோபோவைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு, "பாசிட்டிவை ஏன் நடுவில் வைத்தீர்கள்?" என்றார். இம்முறை வாய் வந்தது.