இரண்டு கணுவும் ஒரு நுனியும்

12 பிப்ரவரி 2024, திங்கள்

கம்பெனியில் அடிபட்ட என் வீட்டுக்காரரின் இடது கைக் கட்டை இன்று பிரித்தார்கள். நான் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13 பிப்ரவரி

"இடது கைதானே, விடு அம்மிணி" என்று இன்று மட்டும் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். சட்டைப் பொத்தானை இடது கை இல்லாமல் போட்டுப் பார்க்கட்டும். லுங்கியை முடிந்து பார்க்கட்டும்.

16 பிப்ரவரி, வெள்ளி

கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை நேற்றுத்தான் போயிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியது. ஒன்பது நாள்! சூப்பர்வைசரிடம் கேட்டால், "சேர்ந்து ரெண்டு நாள் ஆனவனுக்கே இ.எஸ்.ஐ. கொடுக்குது, உங்களுக்கு இல்லாமப் போகுமா" என்கிறார். அது உண்மைதான். காய்ச்சல் தலைவலிக்கு லீவு போட்டால் 78 நாள் சந்தா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையில் அடிபட்டால் அப்படி எந்தக் கணக்கும் இல்லை, முதல் நாளே செல்லும். அதற்காக அறிக்கையை மேசையில் போட்டு வைக்கலாமா?

21 பிப்ரவரி

போன விரல் அரிக்கிறதாம். ராத்திரி முழுக்க.

4 மார்ச், திங்கள்

20 நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் 9,720 ரூபாய் வங்கியில் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். அத்தை பாஸ்புக்கைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

நாளுக்கு 486. ஏன் 486?

11 மார்ச், திங்கள்

கிளை அலுவலகத்துக்குப் போய் வந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு பழைய தாளின் பின்பக்கம் எழுதியே காட்டினார். பிப்ரவரியில் அடிபட்டதால் கணக்குக்கு எடுப்பது போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளம். ஆறு மாதத்துக்கு 84,240. சம்பளம் போட்ட நாட்கள் 156. வகுத்தால் 540. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, 486. மெடிக்கல் போர்டு ஊனத்துக்கு எத்தனை சதவீதம் போடுகிறதோ, இந்த 486-இல் அத்தனை சதவீதம் ஆயுள் முழுக்க வரும். அவர் திரும்ப வேலைக்குப் போனாலும் நிற்காது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காந்திபுரம் வருவதற்குள் வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. 84,240 அவருடைய சம்பளமே இல்லை. கூடுதல் நேரம் பார்த்த ஓ.டி. பணம் எங்கே?

ஓ.டி. பணம் உறையில் வரும். மாதம் ஐந்தாம் தேதி, பழுப்பு உறை, மேலே கணக்குப்பிள்ளை பென்சிலில் தொகை எழுதியிருப்பார். கணக்கில் ஏற்றினால் பிடித்தம் போகும் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். உறையை வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்தது நான்தான்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் நோட்டில் அந்த ஆறு மாத ஓ.டி. 21,840 என்று இருக்கிறது. மாதத்துக்கு 3,640. அதற்கு நாங்கள் கட்டியிருக்க வேண்டியது முக்கால் சதவீதம், 27 ரூபாய் 30 காசு. கம்பெனி கட்டியிருக்க வேண்டியது மூன்றேகால் சதவீதம், 118 ரூபாய் 30 காசு. அதையும் சேர்த்திருந்தால் தினச் சராசரி 680. தொண்ணூறு சதவீதம் 612.

612 எங்கே, 486 எங்கே? நாளுக்கு 126 ரூபாய்.

12 மார்ச்

அவரிடம் சொன்னேன். "அதைக் கிளறாதே" என்றார்.

25 மார்ச், திங்கள்

சங்கத்து அண்ணன் இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை நகல் எடுத்துக் கொடுத்தார். மனுஷன் கையை இப்படித் துண்டு துண்டாக விலை போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9. நடுவிரலில் ஒரு கணு 7. எலும்பு போகாமல் நுனிச்சதை மட்டும் என்றால் 4. வலது கையா இடது கையா என்றே அது கேட்கவில்லை. "இடது கைதானே" என்ற நாலு பேருக்கும் காட்ட வேண்டும்.

அவருக்கு ஆள்காட்டியில் இரண்டு கணு. அதில் சந்தேகமில்லை. நடுவிரலில்தான் தெரியவில்லை. 7 என்றால் மொத்தம் 18. 4 என்றால் 15.

486-க்கு 18 சதவீதம் 87 ரூபாய் 48 காசு. மாதம் 2,624. 15 என்றால் 2,187. நகத்துக்குக் கீழே ஒரு பயறு அளவு எலும்பு இருக்கிறதா இல்லையா என்பதில் மாதம் 437 ரூபாய்.

26 மார்ச்

எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். நுனி வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. வெளிச்சம் மாறினால் முழுசாகத் தெரிகிறது.

27 மார்ச்

மறுபடி பார்த்தேன்.

8 ஏப்ரல், திங்கள்

மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் உதவித்தொகை வரும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். விசாரித்தேன். அந்தச் சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். அதுவும் வேறு அளவுகோல். இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை போயிற்று என்று. அங்கே 18 என்றால் இங்கேயும் 18 இல்லை. சரி, அந்தக் கதவு இல்லை.

19 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போட்டோம். மை வைக்கிற பையன் விரலைக் காட்டச் சொன்னான். அவர் கையை நீட்டினார். பையன் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தான். பக்கத்து அலுவலரைக் கேட்டுவிட்டு, மோதிர விரலில் வைத்தான். மெதுவாக, நோகாமல். வீட்டுக்கு வரும்வரை அவர் கையைச் சட்டைப்பைக்குள் விடவில்லை. விபத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

6 மே, திங்கள்

ஏப்ரல், ஜூன், செப்டம்பர் உறைகள் கிடைத்துவிட்டன. சீட்டுப் புத்தகத்துக்குள் இருந்தன. பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. மே, ஜூலை, ஆகஸ்ட் இல்லை.

31 மே, வெள்ளி

இன்றோடு அந்த 486 நின்றது. டாக்டர் கடைசிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். இனி போர்டு. சதவீதம் போட்டதும் நாளைய தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு தருவார்களாம். அதுவரை?

சிகிச்சையில் இருந்தவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதுவும் இன்றோடு சரி.

3 ஜூன், திங்கள்

முதலாளி கூப்பிட்டு விட்டிருக்கிறார். பேக்கிங்கில் போடுகிறேன், பழைய சம்பளமே தருகிறேன் என்றாராம். அவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

உறைகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் இந்த வேலை போகும். திறக்காவிட்டால் 18 சதவீதத்தில் மாதம் 680 ரூபாய் போகும், ஆயுள் முழுக்க. அவருக்கு வயது 38.

11 ஜூன்

118 ரூபாய் 30 காசு. இதை மிச்சம் பிடிக்கத்தானே.

18 ஜூலை, வியாழன்

போர்டு முடிந்தது. மூன்று டாக்டர்கள். கையை மடக்கச் சொன்னார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் நடுவிரல் நுனியை அழுத்திப் பார்த்தாராம். "என்ன சொன்னாருங்க?" என்று பத்துத் தடவை கேட்டிருப்பேன். ஒன்றும் சொல்லவில்லையாம். தபாலில் வரும். குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது சதவீதத்துக்குத்தான். 540-ஐ அவர்கள் தொடமாட்டார்கள். அதற்கு உறைகள்தான் வேண்டும்.

22 ஜூலை

தபால் இல்லை.

23 ஜூலை

இல்லை.

24 ஜூலை, புதன்

சாப்பிட்டு முடித்தவர் எழுந்து போய், டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினார். மே, ஜூலை, ஆகஸ்ட். மூன்றையும் என் முன்னால் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.