பின்னால் இருந்து யாரும் சவுட்டவில்லை

பந்து அந்தப் பக்கம் கிடக்கும். எதிராளி நாலு அடி தள்ளி நிற்பான். நம்ம ஆள் முன்னால் பாய ஒரு காலை ஊன்றுவார், அவ்வளவுதான். ‘டப்’ என்று ஒரு சத்தம். விழுந்ததும் அவர் காலைப் பார்க்க மாட்டார், திரும்பிப் பின்னால் பார்ப்பார், யார் சவுட்டியது என்று. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குதிகால் நரம்பு அறுந்த ஆட்களில் பெரும்பாலானோர் சொல்வது இதைத்தான்: யாரோ பின்னால் இருந்து மிதித்த மாதிரி இருந்தது.

அமெரிக்கக் கால்பந்தை நம் பக்கத்தில் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் 2023 செப்டம்பர் 11 அன்று அந்த ஆட்டத்தின் நட்சத்திரம் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு நடந்தது நம் குமரி மாவட்டக் கரையோரத் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை மைதானங்களில் பந்து பார்த்து வளர்ந்த எவருக்கும் சட்டென்று புரியும். வயது 39. நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அதுதான் முதல் ஆட்டம். 1969-க்குப் பிறகு கோப்பையே காணாத அணி அது. தேசியக் கொடியை ஏந்தி மைதானத்துக்குள் ஓடி வந்தார், அரங்கமே எழுந்து நின்றது. நாலாவது ஆட்ட நகர்விலேயே இடது குதிகால் நரம்பு அறுந்தது, சீசன் முடிந்தது. அன்றைய ஆட்டத்தை ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22-16 என்று வென்றதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ரசிகர்கள் உடனே குற்றவாளியைத் தேடினார்கள். முதலில் மாட்டியது செயற்கைப் புல்தரை. வீரர்கள் சங்கமும் இயற்கைப் புல்லுக்கு மாறச் சொல்லி அறிக்கை விட்டது. தரைக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஊன்றிய கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்தால் நரம்புக்கு வரும் இழுப்பு குறையும். ஆனால் அந்த ஆண்டு மே மாதப் பயிற்சியிலேயே அவருக்கு ஆடுசதையில் பிடிப்பு வந்திருந்தது. வயதையும் அதையும் விட்டுவிட்டு தரையை மட்டும் திட்டுவது ரசிகருக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

அடுத்தது ‘அவ்வளவுதான், கதை முடிஞ்சு’ கோஷ்டி. டேவிட் பெக்காம் 34 வயதில், 2010 மார்ச்சில், மிலான் அணிக்கு ஆடும்போது இதே நரம்பை அறுத்துக்கொண்டார். தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை கைவிட்டுப் போனது, ஆனால் செப்டம்பரில் மைதானத்தில் இருந்தார். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2013 ஏப்ரலில், அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கூடைக்குள் போட்டுவிட்டு வெளியே நடந்தார். டிசம்பரில் திரும்பி வந்து 6 ஆட்டம் ஆடியதும் முட்டெலும்பு உடைந்தது. வருவார்கள். எப்படிப்பட்ட காலோடு வருவார்கள் என்பதுதான் கேள்வி, அதில் பாதி முதல் பத்து நிமிஷத்திலும் முதல் மூன்று மாதத்திலும் தீர்மானமாகிவிடும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நம்மூர் மைதானத்தில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். கூட்டம் உள்ளே இறங்கும். ‘சதை பிடிச்சிருக்கு மக்கா’ என்று ஒருவர் காலைத் தூக்கி, விரல்களை முழங்காலை நோக்கி அழுத்தித் தள்ளுவார். சதைப் பிடிப்புக்கு அது சரியான வைத்தியம். அறுந்த நரம்புக்கு அதைவிடக் கெட்டது இல்லை, இரண்டு முனைகளும் இன்னும் விலகும். பிறகு ஸ்ப்ரே, தண்ணீர், இரண்டு பேர் தோளில் கை போட்டு நடத்திக் கூட்டிப்போவது. இவை எதுவும் வேண்டாம்.

அறுந்ததா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். ஆளைக் குப்புறப் படுக்க வையுங்கள், பாதம் ஒரு பெஞ்சின் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். நல்ல காலின் ஆடுசதையைக் கையால் பிழியுங்கள், பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். இப்போது அடிபட்ட காலில் அதையே செய்யுங்கள். பாதம் செத்த மாதிரி கிடந்தால் நரம்பு அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் எலும்புக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. உயரத்தில் விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படலாம், வீக்கம் ஏறிவிட்டால் அது மறைந்துவிடும். ‘பாதத்தை அசை பார்ப்போம்’ என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள். வேறு சின்னத் தசைகள் உதவிக்கு வந்து பாதத்தைக் கொஞ்சம் கீழே தள்ளும், வலியும் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் ‘சுளுக்கு’ என்று வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

அசையவில்லை என்றால் பூட்ஸைக் கழற்றுங்கள். பாதம் எப்படித் தொங்குகிறதோ அப்படியே இருக்கட்டும், நேராக்க வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, முன்னங்காலில் இருந்து பாதத்தின் மேல்பக்கம் வரை வைத்து, துண்டையோ பேண்டேஜையோ சுற்றுங்கள். உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். விரல் நுனிகள் நிறம் மாறுகிறதா, மரத்துப்போகிறதா என்று இடையிடையே பாருங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் பொதிந்து 15-20 நிமிஷம். காலை ஊன்ற விடாமல், காரின் பின் இருக்கையில் நீட்டி வைத்துக் கொண்டுபோங்கள். தோல் கிழிந்து காயம் இல்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக திருவனந்தபுரத்துக்கு விரட்ட வேண்டிய அவசரம் இல்லை. மறுநாள் எலும்பு டாக்டரைப் பார்த்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வாரக்கணக்கில் இழுத்தால்தான் கெடும்.

‘எலும்பு டாக்டர்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாம் நரம்பு நரம்பு என்று சொல்வது உண்மையில் தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு அது, மூளையில் இருந்து வரும் நரம்பு இல்லை. பெயர்க் குழப்பத்தில் நரம்பு டாக்டரைத் தேடிப்போனால் நாள் வீணாகும். அடுத்த ஏமாற்று, எக்ஸ்ரே. ‘எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லை’ என்று நிம்மதியாகத் திரும்பி வருவார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, சரி. தசைநாண் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள், எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவைப்படாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் கேரளத்துக்குப் போனாலும் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆசான்மார் விஷயம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் மாவட்டத்தின் வர்ம வைத்தியத்துக்கு ஒரு மரபும் மரியாதையும் உண்டு, நல்ல ஆசான் அறுந்த காலைத் தொட்டதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பிரச்சினை, அனுப்பாமல் எண்ணெய் போட்டுத் தடவுகிறவர்களால். முதல் வாரங்களில் தடவி நீவினால் ஒட்ட வேண்டிய முனைகள் விலகும். இன்னொன்று அதைவிட மோசம்: அசையாமல் கிடக்கும் காலின் ஆடுசதைக்குள் ரத்தம் உறையலாம். திடீரென்று ஆடுசதை வீங்கிச் சூடாகி வலித்தால், மூச்சு வாங்கினால், எண்ணெய்ப் பக்கமே போகாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தடவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு.

ஆபரேஷன் வேண்டுமா? ரசிகர்கள் சண்டை போடும் இடம் இது. நார்வேயில் 526 பேரிடம் செய்து 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காலின் செயல்பாட்டில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது ஆபரேஷன் செய்யாதவர்களில் 6.2 சதவீதம், செய்தவர்களில் 0.6 சதவீதம். பதிலுக்கு, கத்தி வைத்தவர்களிடம் தோல் உணர்ச்சி நரம்பு பாதிப்பு அதிகம். அந்த இடத்தில் தோல் மெல்லிசு, ஆகவே சர்க்கரை, பீடி, சிகரெட் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதம். பந்தாடிச் சம்பாதிக்கும் ஆளுக்கு ஆபரேஷன் பக்கம் சாய்வது நியாயம்தான். ஆட்டத்தை விட்டுவிட்ட 45 வயதுக்காரருக்கு, முதல் நாட்களிலேயே பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டியிருந்தால், கத்தி இல்லாமலும் ஆகும்.

எந்த வழியானாலும் நாட்காட்டி கிட்டத்தட்ட ஒன்றுதான். கிறிஸ்மஸ் டோர்னமென்டில், டிசம்பர் 26 அன்று அறுந்தது என்று வையுங்கள். பொங்கல் வரை பாதம் கீழ்நோக்கியே இருக்கும், ஊன்றுகோல்தான் துணை. பிறகு பெரிய பூட், உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்புத் துண்டுகள், பெரும்பாலும் மூன்று. வாரத்துக்கு ஒன்றாக அவற்றை எடுத்துக்கொண்டே வருவார்கள். தவக்காலம் தொடங்கும் வேளையில் பூட் கழலும். ஈஸ்டரை ஒட்டி இரண்டு காலில் நின்று குதிகாலைத் தூக்குவது, அப்புறம் மெல்ல ஒற்றைக் காலில். மே, ஜூனில் நேர்கோட்டில் மெதுவாக ஓட்டம். ஓணத்துக்குப் பந்தோடு பயிற்சி, ஆனால் மோதல் இல்லாமல். ஆட்டம் அடுத்த கிறிஸ்மஸுக்கு. ‘ஓணம் செவன்ஸுக்கு எறக்கிரலாம்’ என்று கமிட்டிக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ராட்ஜர்ஸ் 11 வாரத்தில் பயிற்சிக்கு வந்ததும் ஊரே துள்ளியது. ஆட்டத்துக்கு வந்தது 2024 செப்டம்பரில்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது ஒன்று உண்டு: தசைநாண் நீளமாக ஒட்டிக்கொள்வது. பாதம் இறுக்கமாக இருக்கிறதே என்று மூன்றாம் மாதத்திலேயே சுவரில் கை ஊன்றி ஆடுசதையை இழுத்து நீட்டுவார்கள். நடக்க லேசாக இருக்கும், ஆனால் தளர்ந்த கயிறு இழுக்காது. ஓட்டத்தில் முதல் உந்தல் போய்விடும், அதைத் திரும்ப எடுக்கவே முடியாமல் போகலாம். ஆரம்ப மாதங்களில் அந்த இறுக்கம் நல்ல அடையாளம், அதை விட்டுவிடுங்கள். ஒப்பிட ஒரு விஷயம்: 2020 நவம்பரில், ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் முதல் ஆட்டத்திலேயே நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜுக்கு முட்டு போய் சீசன் முடிந்தது. அது முட்டுக் காயம், வயதும் 26. அந்தக் கணக்கை 38 வயதுக்காரர் குதிகாலுக்குப் போடக் கூடாது.

வருமுன் காக்கும் பகுதி கரையோர ஆட்களுக்கு. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் படகிலேயே இருந்துவிட்டு, கரை இறங்கிய அன்று சாயந்தரமே ஜெர்சி போடுகிறார்கள். கைக்கும் தோளுக்கும் கடலில் நல்ல வேலை இருந்திருக்கும், ஆனால் ஆடுசதை ஒரு மாதமாக ஒரு ஓட்டம்கூடப் பார்த்திருக்காது. போதாததற்கு மணல் தரை, குதிகால் புதையும்போது நரம்பு கூடுதலாக இழுபடும். முப்பது தாண்டியவர்கள் முதல் வாரம் ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி செய்யலாம். முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் 3 சுற்று, முழங்காலை மடக்கி இன்னொரு 3 சுற்று. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பும் தடிப்பும் இருந்தால் அதையே தினம் இரண்டு வேளை, 12 வாரம். அறுந்த காலுக்கு இது இல்லை, அதற்கு பிசியோ சொல்லும் வரிசைதான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் குதிகாலில் ஊசி போட்டு இறக்குவது இன்னும் நடக்கிறது. ஸ்டீராய்டு அந்த நாணையே நைந்துபோக வைக்கும், வலி அடங்கியதால் ஆள் முழு வேகத்தில் பாய்வார். காய்ச்சலுக்குக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் தசைநாண் அறுவதோடு தொடர்பு உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-லேயே கட்டம் போட்டு எச்சரித்தது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ஆபத்து கூடும்.

இனி ரசிகர் விஷயம். விழுந்த வீடியோவை மெதுவாக ஓட்டி ஸ்டேட்டஸ் வைத்து, கீழே அழுகிற பொம்மை போடுவதில் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலைக்கும் போக முடியாத நாலு மாசத்துக்கு வீட்டுச் செலவு, பிசியோவுக்கு வாரம் இரண்டு தடவை வண்டி, இரண்டையும் மன்றம் பார்த்துக்கொண்டால் அது உதவி. ஃப்ளெக்ஸ் காசு அதற்குப் போதும். ‘அண்ணே, எப்ப எறங்குவீங்க?’ என்று பார்க்கும்போதெல்லாம் கேட்காமல், ‘ஒத்தக் கால்ல எத்தனை தடவ குதிகாலத் தூக்குறீங்க?’ என்று கேளுங்கள். முழு உயரத்துக்கு, இடுப்பு சாயாமல், நல்ல கால் எத்தனை தூக்குகிறதோ அதற்கு நெருக்கமாக, இருபத்தைந்தை ஒட்டி வந்தால் பேச்சுக்கு எடுக்கலாம். அடுத்த டோர்னமென்டில் அவர் வார்ம்-அப் செய்யும்போது பின்னால் நின்று பாருங்கள். அறுந்த காலின் ஆடுசதை கொஞ்சம் மெலிந்தே இருக்கும், பல பேருக்கு அது கடைசி வரை அப்படித்தான். எம்பும்போது இரண்டு குதிகாலும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால், அன்றைக்கு அவரை பெஞ்சில் உட்கார வைக்கும் கோச்சைத் திட்டாதீர்கள்.