பங்குனிக் கண்மாயும் நத்தைகளும்

மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கலுங்கு வழியும். பங்குனி பிறந்ததும் நீர் கரையை விட்டு இறங்கி நடுப்பள்ளத்தை நோக்கிச் சுருங்கத் தொடங்கும். பாம்பன், மண்டபம் கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுகிறது. எங்களுக்கு அந்த வற்றம் ஆண்டுக்கு ஒருமுறைதான். அங்கே சில மணி நேரத்தில் நீர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே வெளிப்பட்ட உயிர்கள் அடுத்த மழை வரை பல மாதங்கள் தாக்குப்பிடித்தாக வேண்டும். ஆகவே நத்தை மிக எளிதாகக் கைக்கு அகப்படும் இந்தப் பருவத்தில்தான் அதை மிகக் குறைவாக எடுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மகளை அழைத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். வெயில் ஏறி நீர் சூடாகும் முன்பே போய்விட வேண்டும். சூடேறினால் நத்தைகள் ஓரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். ஈரச் சேற்றின் மேல் விரல் அகலத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து சென்றது. அது முடிந்த இடத்தில் சேறு சிறிது பிளந்திருக்க, பிளவுக்குள் இரண்டு ஓட்டு விளிம்புகள் நகக்கண் அளவுக்குத் திறந்திருந்தன. மகள் குச்சியால் மெல்லத் தொட்டதும் விளிம்புகள் சட்டென மூடிக்கொண்டு, உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீர் பீறிட்டது. அது மட்டி, இரட்டை ஓடுள்ள நன்னீர்ச் சிப்பி. நீர் குறையக் குறைய அது தன் ஒற்றைக் காலால் சேற்றை உழுது பள்ளத்தை நோக்கி நகர்ந்த தடம்தான் அந்தக் கோடு.

மட்டியை நாங்கள் உண்பதில்லை. செத்த மட்டியின் ஓட்டை மட்டும் எடுத்து, கல்லில் தேய்த்து நடுவில் துளையிட்டு, மாங்காய்த் தோல் சீவ வைத்துக்கொள்வோம். உயிருள்ள மட்டி கண்மாய்க்குள் செய்யும் வேலை பெரிது. அது நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் பாசித் துகள்களை வடித்து உண்டுவிட்டு நீரை வெளியே விடுகிறது. பெண் மட்டி தன் குஞ்சுகளைச் செவுள்களுக்குள்ளேயே வைத்துக் காக்கிறது. வெளியே வந்த குஞ்சு ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சிறிது காலம் வாழ்ந்த பிறகே சேற்றில் விழுந்து தனியாக வளர்கிறது. மீனில்லாத நீரில் மட்டி பெருகாது என்பதை மகளுக்கு விளக்கிவிட்டு, அவள் எடுத்துப் பார்த்த மட்டியை, திறக்கும் பக்கம் மேலே இருக்கும்படி நீர் நிற்கும் இடத்தில் செருகி வைக்கச் சொன்னேன்.

நத்தையின் வாழ்க்கை வேறு விதமானது. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே இருந்தபடி குழாய் போன்ற சதையை மேலே நீட்டிக் காற்றை இழுப்பதை, அசையாமல் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். கையில் எடுத்தால் உடலை உள்ளிழுத்து, பழுப்பு நிற மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். அந்த மூடி சுண்ணாம்பு ஏறிக் கல்லைப் போல் இறுகியிருக்கும்; நகத்தை வைத்து நெம்பினாலும் திறக்காது. கண்மாய் முற்றிலும் வற்றும்போது நத்தை சேற்றுக்குள் புதைந்து, அதே மூடியை இறுக்கிக்கொண்டு, நுரையீரலால் மட்டும் மூச்சுவிட்டுக் கோடை முழுவதும் உறங்குகிறது. முதல் மழையில் எழுந்து வந்து இணை சேர்ந்து, கரையோர ஈர மண்ணில் குழி பறித்து, வெண்முத்துகளைக் குவித்தது போல நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது.

இதையெல்லாம் அறியாத வயதில், ஓர் ஆனி மாதம், வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையை மண்வெட்டியால் தோண்டி, உறங்கிக்கொண்டிருந்த நத்தைகளை இரண்டு சாக்கு நிறைய எடுத்து மதுரையில் விற்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, "ஏய்யா, மூடி போட்டு உறங்குறதத் தோண்டலாமா? அது வர்ற வருசத்து வெதையில்ல?" என்று கேட்டார். மறு ஆண்டு அந்த மூலையில் ஒரு சட்டி நத்தைகூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு மழையும் குறைவு. முழுப் பழியும் என்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்து வர வேண்டியவற்றை நான் முன்பே எடுத்துவிட்டேன் என்பது உறுதி. அன்றிலிருந்து மண்ணுக்குள் இருப்பதைத் தொடுவதில்லை. நீரில் ஊர்வதில் மட்டும், அதிலும் எலுமிச்சம்பழத்தை விடப் பெரியதாகப் பார்த்து எடுக்கிறேன். முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே கால் வைப்பதில்லை.

நமக்கு முன்பே அங்கே வந்து நிற்கும் நத்தைகுத்தி நாரையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும் அந்தப் பறவைக்கு நத்தையே முதன்மையான உணவு. நாம் ஒரு வேளை குழம்புக்காக எடுக்கிறோம். அதற்கு வேறு அடுப்பு இல்லை. எனவே நாரைகள் மேயும் ஓரத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போய்ப் பொறுக்கினோம்.

எந்தக் கண்மாயில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் நீரில் வளரும் நத்தையின் உடலில் அந்த நஞ்சும் சேரும் என்பதால், நகரை ஒட்டிய நீர்நிலைகளில் எடுத்ததை நான் வாங்குவதும் இல்லை. நல்ல நீரில் எடுத்ததையும் ஓரிரு நாள் சுத்தமான தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, வயிற்றுச் சேற்றைக் கக்க விட வேண்டும். பிறகு கொதிக்க வைத்து, ஊக்கால் சதையை இழுத்து, கரும்பச்சையாகத் தொங்கும் குடலை நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வழவழப்புப் போகும் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். நத்தையில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும். மூலத்துக்கு மருந்தென்று அரைவேக்காட்டில் தின்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அன்று நாற்பது நத்தைகளோடு கரையேறினோம். சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்துச் சேர்த்த குழம்பு நான்கு பேருக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருந்தது.