பாளை அரிவாளும் ஊருணித் தண்ணீரும்

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

உலை பற்றவைத்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் உடைமரத்துக்கும் நடுவில், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டிக் குழி விட்டுக் களிமண் பூசியிருக்கிறேன். காற்றுக்குக் கையால் சுற்றுகிற பழைய ஊதுவிசிறி. அடிக்கிற கல்லுக்குப் பதில், பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய இரும்புக் கட்டி. அதைப் புளியங்கட்டையில் பதித்தேன். கரிக்கு இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது.

அப்பா பனையேறி. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய அருவாப்பெட்டியில் இருந்த பாளை அரிவாள், பதநீருக்காகப் பனம்பாளையைச் சீவுகிறது, என்னிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி வாய் பாதியாகத் தேய்ந்துவிட்டது. நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன், மரம் ஏறத் தெரியாது. அதைப் போல ஒன்றை என் கையால் அடிக்க வேண்டும். அதை ஒரு பனையேறி மரத்துக்கு எடுத்துப் போக வேண்டும். இந்தக் கோடைக்கு அதுதான் ஆசை.

ஏப்ரல் 16, புதன்

வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பியைத் தட்டி ஒரு கத்தி. உருவம் நன்றாகவே வந்தது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்கி, ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தேன். வாழைத்தண்டில் இறங்குவது போல அரம் இறங்கிற்று, இரும்பு கெட்டிப்படவே இல்லை. கட்டடக் கம்பியில் கரிமம் 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதை எத்தனை முறை தோய்த்தாலும் அரிவாளின் வாய் வராது.

ஏப்ரல் 20, ஞாயிறு

உச்சிப்புளிக்கு அந்தப் பக்கம் இன்னும் உலை மூட்டுகிற ஆசாரி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபதைத் தாண்டியவர். விசைப்படகுகளுக்கு 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள். படகுகள் கரையில் நிற்கிற இந்த நாட்களில்தான் அவருக்கு நங்கூரம், கொக்கி, ஆணி என்று வேலை குவிகிறது. அப்படியும் என்னை உட்காரச் சொன்னார்.

அப்பாவின் அரிவாளைக் கொடுத்தேன். வாங்கி எடை பார்த்தார், நகத்தால் சுண்டி ஓசை கேட்டார். "இது எங்க பட்டறை வேல இல்ல தம்பி. ஆனா நல்ல கை. ஒங்க அப்பா தீட்டுன பதத்துலதான் இது இன்னும் உசுரோட கெடக்கு."

அவர் பட்டறைச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. அரிவாள் வாங்குகிறவர் பெயர், ஊர், எதற்கு என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். 2021-ல் போலீஸ் சொன்னதிலிருந்து இந்தப் பழக்கமாம். நீளமாக வேண்டும் என்று யாராவது வந்தால்? "மரத்துக்குன்னா அடிச்சுத் தர்றேன். மனுசனுக்குன்னா இந்தப் படியில கால் வைக்காதம்பேன்." திரும்பி வருகிற வழியில் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

லாரிக்கு அடியில் வில்லாக இருக்கிற பட்டாவில் ஒரு துண்டைத் தந்தார். அதில் கரிமம் 0.5, 0.6 சதவீதம் இருக்கும். வீட்டில் கிரைண்டரில் வைத்துப் பார்த்தேன். கம்பியின் பொறி நீளக் கோடாக ஓடி அணைகிறது. பட்டாவின் பொறியோ நுனியில் கிளை விட்டு மத்தாப்புப் போல வெடிக்கிறது. இரும்பு தன் ஜாதகத்தைத் தானே எழுதிக் காட்டுகிற மாதிரி இருந்தது, பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: காற்றுக் குழாய்க்கு வெள்ளைப் பூச்சு பூசிய குழாயை உலைக்குள் வைக்காதே. அது துத்தநாகம், காய்ந்தால் வருகிற புகையில் குளிர்காய்ச்சல் வரும். நான் வைத்திருந்தது அதுதான். அன்றைக்கே பிடுங்கிப் போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்று மாலையாக வடித்த அரிவாள் இன்று வெடித்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எப்படியும் உப்புத்தானே, கடல் தண்ணீரே இருக்கட்டும், சீக்கிரம் குளிரும் என்று நினைத்து மண்டபம் கடற்கரைக்குப் போய் வந்த அக்கா மகனிடம் ஒரு குடம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செக்கச்செவேல் என்று இருந்ததை அதில் இறக்கினேன். 'டிங்' என்று ஒரு சின்ன ஓசை. வெளியே எடுத்துத் துடைத்தால் வாயிலிருந்து முதுகை நோக்கிச் சுண்டுவிரல் நீளத்துக்கு மயிரிழைக் கீறல்.

நல்ல தண்ணீரில் இறக்கும்போது காய்ந்த இரும்பைச் சுற்றி ஆவி ஒரு போர்வையாக நிற்கும். அது வெப்பம் இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். உப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. குளிர்ச்சி திடீரென்று பாய்கிறது. கனமான முதுகு ஒரு வேகத்தில் சுருங்க, மெல்லிய வாய் இன்னொரு வேகத்தில் சுருங்கினால் நடுவில் பிளக்காமல் என்ன செய்யும்? படித்தால் புரிகிற விஷயம்தான். எனக்கு அந்த 'டிங்' கேட்ட பிறகுதான் புரிந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

வெடித்ததை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த கல்தொட்டியைக் காட்டினார். "ஊருணித் தண்ணி. எங்க அய்யா காலத்துலருந்து தோச்சலுக்கு இதுதான். அதுலயும் கோடாலிக்கும் வெட்டரிவாளுக்கும் வாய மட்டுந்தான் நனைப்பேன். பாளைச் சீவுறது சன்னமான சாமான், அதுக்குத் தண்ணியே வேணாம், எண்ணெயில போடு. எண்ணெயையும் கை பொறுக்குற சூட்டுல வச்சுக்க."

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தோண்டியபோது கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று இந்த ஜனவரியில் அரசு அறிவித்ததை அவரிடம் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னபோது இருந்த சந்தோஷத்தோடுதான் சொன்னேன். சுத்தியலை நிறுத்தாமல் கேட்டார். "அவுகளும் மொதல்ல நல்ல தண்ணியத்தான் தேடியிருப்பாக" என்றார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். விடுமுறை என்பதால் உச்சியிலேயே உலை மூட்டியது தப்பு. வெயிலில் நெருப்பின் நிறம் ஏமாற்றுகிறது. மங்கின சிவப்பு என்று நான் நினைத்தது நிழலில் கொண்டுபோய்ப் பார்த்தால் ஆரஞ்சு. அப்படி அளவுக்கு மேல் காய்ந்த ஒரு துண்டைத் தோய்த்து, இறுக்கிப் பிடித்து உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் கல்லுப்பு மாதிரி பரல்பரலாக மின்னியது. நல்ல தோய்ச்சல் என்றால் அது சாம்பல் நிறத்தில், பொடியுப்பைத் தூவியது போல மங்கலாக இருக்க வேண்டும். பரல் பெரிதானால் இரும்பு கண்ணாடி போல உடையும்.

இனிமேல் பொழுது சாய்ந்த பிறகுதான் வேலை. கண்ணை மட்டும் நம்பாமல் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். இரும்பு 770 டிகிரியைத் தொட்டதும் காந்தம் ஒட்டாது. விட்டதும் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறும்வரை பொறுத்துத் தோய்க்க வேண்டும். அடித்து முடித்த சாமானை அதே சூட்டுக்கு மூன்று முறை ஏற்றி, மூன்று முறையும் காற்றில் தானாக ஆறவிட்டால் பெருத்த பரல் திரும்பச் சன்னமாகிறது. இந்த ஆறவிடுகிற பொறுமை என்னிடம் இல்லாமல்தான் இத்தனை நாள் போயிற்று.

மே 11, ஞாயிறு

கோடாரி. இது அம்மா கேட்டது. கொல்லையில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது.

பட்டையான சாதா இரும்பை வளைத்துக் காம்புக்கு ஓட்டை விட்டு, இரண்டு நுனிக்கும் நடுவில் பட்டாத் துண்டைச் செருகி ஒட்ட வேண்டும். உடம்பு மெத்து, வாய் மட்டும் உருக்கு. ஒட்டுகிற இடத்தில் செதிள் படியாமல் இருக்க வெங்காரம் (போராக்ஸ்) தூவிக் காய்ச்சினேன். அக்கா மகன் சம்மட்டியோடு நின்றான். "மாமா, இப்ப அடிக்கவா?" என்று நாலு தடவை கேட்டிருப்பான். முதல் தடவை சீக்கிரம் எடுத்துவிட்டேன். ஆறியதும் இரண்டும் தனித்தனியாக விரிந்து நின்றன. நடுவில் செதிள் படிந்திருந்தது. அரத்தால் சுத்தம் செய்து மறுபடியும் உள்ளே வைத்தோம். இந்த முறை மஞ்சள் தாண்டி வெளுத்து, மேலே நெய் உருகி ஓடுவது போல வெங்காரம் நெளிந்தது, ஒன்றிரண்டு பொறி தானாகக் கிளம்பிற்று. அப்போது எடுத்தோம். முதல் அடிகள் லேசாக, ஆனால் வேகவேகமாக விழ வேண்டும். ஓங்கி அடித்தால் ஒட்டப் போவது வழுக்கிவிடும். நாலாவது அடியில் ஓசை மாறியது. அதுவரை இரண்டு இரும்பாகக் கேட்டது ஒரே இரும்பாகக் கேட்டது. மருமகனும் கவனித்திருக்கிறான், சம்மட்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

மே 12, திங்கள்

வலது மணிக்கட்டு வீக்கம். உலை இல்லை.

மே 18, ஞாயிறு

ஒரு வாரம் எண்ணெய் தடவாமல் விட்ட கோடாரியில் செம்பூவாகத் துரு. இங்கே காற்றே உப்பு. பாம்பனில் போன மாதம் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததிலிருந்து இந்தத் துருவைப் பற்றியே யோசிக்கிறேன். பழைய பாலம் 1914-லிருந்து இந்தக் காற்றில் நின்றது. அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆட்கள் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு ராத்திரியும் அரிவாளைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைப்பார். சோறு தாமதமானாலும் அது தாமதமாகாது.

மே 24, சனி

புதுப் பாளை அரிவாள், நாலாவது. எண்ணெயில் தோய்ச்சல் பிடித்துவிட்டது, அரம் வழுக்குகிறது. ஆனால் இப்படியே விட்டால் வாய் பொரிந்துவிடும். சூட்டை அளவாகத் திருப்பிக் காட்டி விறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

செங்கல்லில் தேய்த்து ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கி, சிவக்கக் காய்ச்சிய கனத்த இரும்பின் மேல் முதுகு படும்படி நிறுத்தினேன். முதுகிலிருந்து நிறம் வாயை நோக்கி நகர ஆரம்பித்தது. முதலில் வைக்கோல், அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் கத்தரிப்பூ, கடைசியில் முதுகோரம் மயில்கழுத்து நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும், அதாவது 220, 230 டிகிரி, எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கோடாரிக்கு இதே நிறத்தில் நிறுத்தியிருந்தால் கட்டையில் விழுந்த முதல் வெட்டிலேயே வாய் தெறித்திருக்கும். அதைக் கத்தரிப்பூ வரும்வரை, சுமார் 280 டிகிரிக்கு, ஓடவிட்டிருந்தேன். ஒரே இரும்பு, பிழைக்கப் போகிற இடத்தைப் பார்த்து நிறுத்துகிற நிறம் வேறு. நாள் முழுக்கச் செய்த வேலை அந்த அரை நிமிஷத்தில்தான் நிற்கிறது.

மே 26, திங்கள்

சித்தப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவோடு ஒரே தோப்பில் ஏறியவர், இன்னும் ஏறுகிறார். கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் தீட்டுப்பலகையை எடுத்து அவரே கால் மணி நேரம் தீட்டினார். நான் சாணை பிடித்தது போதவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. "மூணு நாள் பாக்குறேன்" என்று பெட்டியில் செருகிக்கொண்டார்.

பாளையைக் காலையும் மாலையும் சீவ வேண்டும், அதுவும் வெற்றிலை கனத்துக்கு. வாய் மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கும், நசுங்கினால் பதநீர்ச் சொட்டு நின்றுபோகும். ஒரு பாளை போனால் போனதுதான்.

மே 29, வியாழன்

"வாய் மடங்கல, தெறிக்கல. சீவுனா சத்தமே இல்ல. ஆனா மூக்குல கனம் இருக்குடா. மரத்து மேல ஒத்தக் கையில புடிக்கிறப்ப மணிக்கட்ட கீழ இழுக்குது. பிடியும் சுத்துது."

அப்பாவின் அரிவாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கு தேய்ந்து போயிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேயவில்லை, அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். மூக்கை ஒரு விரற்கடை குறைத்தேன். தேய்க்கும்போது சூடேறித் தோய்ச்சல் இறங்காமல் இருக்க, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். பிடிக்கு நாட்டுக் கருவேலங்கட்டை, அதன் முகப்பில் பித்தளைப் பூண்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. சாயங்காலம் தோப்புக்குப் போய் மரத்தடியில் நின்றேன். கச்சான் காற்று ஓலைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. மேலே சீவுகிற ஓசை காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சீவல் சுழன்று வந்து மணலில் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிந்தது.

சித்தப்பா இறங்கிக் கலயத்தைச் சாய்த்து எனக்குப் பட்டையில் பதநீர் ஊற்றினார். அரிவாள் அவர் பெட்டியிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் எடுத்துத் தரவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்து முதல் வரி எழுதினேன். பெயர்: சித்தப்பா. ஊர்: நம்ம ஊர். எதற்கு: பாளை சீவ.