பல்லைக் கடித்துக்கொண்டு

பல் டாக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் மகனின் வாயில் விளக்கைக் காட்டினார். கொத்தாமல் விட்ட அம்மிக்கல் தேய்ந்து வழவழவென்று ஆகுமே, கடைவாய்ப் பற்கள் அப்படி இருந்தன. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒரு பல்லின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான், ரொம்ப நாளாகவே நடக்கிறது என்றார். பையனுக்கு மனசில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்றும் கேட்டார். அவனுக்கு 16 வயது.

"மோ கொரெக்" என்றான் வாயில் பஞ்சோடு. மொரீஷியஸில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அர்த்தம். இரண்டு வருஷமாக என்ன கேட்டாலும் அந்தப் பதில்தான்.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து 18 வருஷம் ஆகிறது. ரோஸ் ஹில்லில் வீடு, சனிக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. என் மகனைப் பார்த்தால் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை 'அடக்கமான பிள்ளை'. ராத்திரி எட்டு மணிக்கு அவனே போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுவான். விடிகாலை நாலரைக்கு எழுந்து படிப்பான். பள்ளி முடிந்தால் லெசோன் (இங்கே டியூஷனை அப்படித்தான் சொல்வார்கள்), அது முடிந்தால் இன்னொரு லெசோன். போன வருஷம் தைப்பூசத்துக்கு 10 நாள் விரதம் இருந்து காவடி எடுத்தான். நாக்கில் வேல் குத்தும்போது முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அவன் தாத்தா இறந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். அழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) பரீட்சை வருஷம் பிறந்தபோது நானே சொன்னேன்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த ஒரு வருஷத்தை ஓட்டிடு கண்ணா." டாக்டர் விளக்கை அணைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுதான்.

இந்தத் தீவில் பிள்ளை வளர்ப்பவர்கள் கட்டுப்பாட்டை ஏன் இப்படிக் கொண்டாடுகிறோம் என்றால், பயம். தெருமுனை வரைக்கும் சிந்தெட்டிக் போதை (ரசாயனத்தில் செய்த போதைப்பொருள்) வந்துவிட்டது. அதற்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் 'லோரேயா' ஆசை. பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான எச்.எஸ்.சி.யில் முதலிடங்களில் வரும் சில டஜன் பேருக்கு அரசு உதவித்தொகை; அவர்களைத்தான் லோரேயா என்பார்கள். பட்டியல் வரும் நாளில் அந்தப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கெட்டுப்போகாமல் இருக்கவும் கட்டுப்பாடு, மேலே வரவும் கட்டுப்பாடு. அது இருந்துவிட்டால் மனசும் நன்றாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நியூசிலாந்தின் டனிடினில் 1972, 73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். டெர்ரி மொஃபிட் என்ற உளவியலாளரின் குழு அவர்களைப் பற்றி 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாத பிள்ளைகளுக்கு 32 வயதில் உடல்நலக் குறைவு, போதைப் பழக்கம், பணக் கஷ்டம், குற்ற வழக்கு எல்லாமே அதிகம். இதை எந்தத் தாயும் ஊகிப்பாள். ஆனால் மனச்சோர்வு மட்டும் அந்த வரிசையில் இல்லை. கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு அது கூடுதலாக வரவில்லை. அப்படியென்றால் கட்டுப்பாடு இருப்பவனுக்கு அது வராது என்று நான் எதை வைத்து நம்பினேன்?

2015-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா கிராமப்புறத்துக் கறுப்பின இளைஞர்களிடம் கிரெகரி மில்லரும் ஜீன் பிராடியும் செய்த ஆய்வு இன்னும் உறுத்தியது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் கட்டுப்பாடு மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வு, போதை, முரட்டுத்தனம் எல்லாம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ரத்த அணுக்களைப் பார்த்தால், அவை வயதை மீறி மூப்படைந்திருந்தன. வெளியே எல்லாம் சரி, உடம்பு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. என் பிள்ளையின் பற்களை நினைத்துக்கொண்டேன்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போனை எடுத்து வைப்பது வேறு, அழுகையை விழுங்குவது வேறு. இரண்டையும் ஒரே 'அடக்கம்' என்ற சொல்லில் போட்டு நான் பாராட்டிவிட்டேன். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கியே பழகியவர்களுக்கு மகிழ்ச்சியும் குறைகிறது, மனிதர்களோடு நெருக்கமும் குறைகிறது என்று உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ஆலிவர் ஜானும் 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். நடந்ததை வேறு கோணத்தில் யோசித்துப் பார்க்கப் பழகியவர்கள் நன்றாக இருக்கிறார்களாம். அப்படி யோசிக்க ஒரு பிள்ளைக்கு வாய்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டாமா?

மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போகலாம் என்றதும் என் மாமியார் பதறிவிட்டார். "பிரௌன் செகாருக்கா?" போ பாசேனில் இருக்கும் மனநல மருத்துவமனையின் பெயர் அது. போர்ட் லூயிஸில் 1817-ல் பிறந்து உலகப் பெயர் வாங்கிய நரம்பியல் அறிஞரின் பெயர், இங்கே வீட்டுக்கு வீடு பயமுறுத்தும் சொல்லாகிவிட்டது. ஒரு வாரம் பேசித்தான் அத்தையைச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு லெசோனை நிறுத்தினோம். ராத்திரி மாட்டிக்கொள்ளப் பல்லுக்குப் பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார்கள். ஆலோசகரிடம் நாலு தடவை போய் வந்த பிறகு ஒரு நாள், நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது, கதவைப் படாரென்று சாத்திவிட்டு அடுப்படியில் வந்து நின்றான். "மோ பா கொரெக்" என்றான். நல்லா இல்லை. அடுப்பை அணைத்தேன். கடுகு பாதி வெடித்தபடி அப்படியே கிடந்தது. தாத்தாவில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசினான். அழுதான். நான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இதை வெளியிடும் முன் அவனிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னான். போன வருஷம் பல நாள் பள்ளிவிட்டு வரும்போது ரோஸ் ஹில்லில் இறங்காமல், மெட்ரோவிலேயே கியூர்பிப் வரைக்கும் போய், அதே வண்டியில் திரும்பி வந்திருக்கிறானாம். லெசோன் லேட்டாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு.

"சும்மா ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பேன்மா. யாரும் என்கிட்ட எதுவும் கேட்க மாட்டாங்க."