களிம்பேறிய கம்பி

மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், செம்புக் கம்பியில் ஈயம் பற்றவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் சூடு போதவில்லை என்றே எண்ணிக்கொள்வேன். சூட்டைக் கூட்டக் கூட்ட ஈயம் உருண்டையாகத் திரண்டு நழுவும். இன்சுலேஷன் உருகிப் பின்வாங்கியதுதான் மிச்சம். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த 60/40 ஈயம் 190 டிகிரி செல்சியஸ் அளவிலேயே முழுதும் உருகிவிடும் என்பதால், கோளாறு சூட்டில் இல்லை. உருகிய ஈயத்திலுள்ள வெள்ளீயம் செம்பையே தொட்டு அதனோடு மெல்லிய படலமாகக் கலந்தால்தான் இணைப்பு உண்டாகும். நடுவே ஆக்சைடு நின்றால் கலக்காது. சற்றே மங்கிய கம்பியை, ஆக்சைடைக் கரைத்து நீக்கும் பிசினான ரோசின் ஃப்ளக்ஸ் சமாளித்துவிடும். கறுத்துப்போன கம்பிக்கும் பச்சைக் களிம்பேறிய கம்பிக்கும் அதன் வலு போதாது.

ஒற்றைக் கம்பியாக இருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதே போதும். பல இழைக் கம்பியிலோ வெளி இழைகள் மட்டுமே பளபளக்கும், அவற்றிலும் சில அறுந்துபோகும். இதற்கு மாற்றாக, வினிகரில் உப்பைக் கரைத்து ஒரு ஸ்பீக்கர் கம்பியின் நுனியை முக்கி வைத்தேன். சில நிமிடங்களில் செம்பு இளஞ்சிவப்பாக வெளிப்பட்டது, ஈயமும் அழகாகப் பரவியது. ஆனால் துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். சில மாதங்களில் அந்தக் கம்பி இணைப்பை ஒட்டியே அறுந்து திரும்பி வந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு உள்ளே பச்சை. இழைகளின் இடுக்கு வழியே அமிலத்தை நான்தான் உள்ளே ஏற்றிவிட்டிருந்தேன்.

இப்போது முதலில் கையில் எடுப்பது கட்டரைத்தான். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போவேன். நீளம் குறைந்தால் புதுக் கம்பியை ஒட்டுப்போடுவேன். காயிலிலிருந்து வரும் குட்டையான கம்பியைப் போல வெட்டவே வழியில்லாத இடத்தில் மட்டும் வினிகரைத் தொடுகிறேன். அப்போதும் சமையல் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, நீரில் அலசி, முழுக்க உலர்த்தி, செம்பு மறுபடி மங்குவதற்குள் ஃப்ளக்ஸ் தடவி ஈயம் பூசிவிட வேண்டும். குழாய் வேலைக்கான துத்தநாகக் குளோரைடு பசை இந்தப் பாடெல்லாம் இல்லாமல் உடனே பற்றவைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மிச்சம் பிறகு செம்பையே அரிப்பதால், அந்த டப்பாவை என் மேசையில் வைத்துக்கொள்வதில்லை.